காணாமல் போன கனத் துகள்களும் களத்துமேட்டுச் சாட்சியும்

அணுக்கருக்களை முட்டவிட்டு, வந்துசேரவேண்டிய கனத் துகள்களில் எவ்வளவு வரவில்லை என்று பார்த்து, அந்தப் பழியை யார் தலையில் கட்டலாம் என்று யோசிப்பதுதான் எங்கள் தொழில். முட்டவிடும் எந்திரம் கடல் தாண்டி இருக்கிறது. கணக்குப் பார்க்கும் நான் ஜவ்வாது மலையில் இருந்தேன், ஏனென்றால் நர்ஸான அம்மாவுக்கு இங்கே வேலை. வாடகை வீட்டில் சிக்னல் கிடையாது. வீட்டுக்கார லட்சுமி அக்காவின் சாமைக் களத்தில் மட்டும் உண்டு. ஆகவே என் ஆராய்ச்சி முழுக்க அக்கம்பக்கத்தார் காதுபடவே நடந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

பஸ்ஸில் பிரிந்த ஜோடி

அக்காவின் கணவர் முருகேசன் அண்ணன் ஒருநாள் புளி உலர்த்திக்கொண்டே, "தெனிக்கும் இன்னாம்மா பண்றே?" என்றார். போளூர் பஸ்ஸை வைத்து விளக்கினேன். சார்ம் என்று ஒரு கனத் துகள். அதுவும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாக ஏறுகின்றன. காலி பஸ் என்றால் சேர்ந்தே இறங்கும். ஈயத்தின் அணுக்கருக்கள் இரண்டு மோதினால் அது சந்தை நாள் பஸ். கொதிக்கிற கூட்டத்தில் ஜோடி ஆளுக்கொரு பக்கம் போய்விடும். சேர்ந்து இறங்கிய ஜோடிகளை எண்ணுவது என் வேலை.

என் விளக்கத்தில் எனக்கே பெருமை தாங்கவில்லை. அண்ணன் புளியைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "கூட்டம்னு தெரியுது இல்ல, அடுத்த பஸ்ல ஏறச் சொல்றது."

ஜுரமும் ஈயமும்

அண்ணனிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஒற்றைப் புரோட்டானை ஈயத்தில் மோதவிட்டால் அந்தக் கொதிப்பு அவ்வளவாக இருக்காது. அப்போதும் ஜோடிகள் குறையும். சூடு இல்லாமல் ஈயமே செய்கிற சேதம் அது. அதைக் கழித்த பிறகுதான் மிச்சப் பழியைச் சூட்டின்மேல் போடலாம்.

இதை அம்மாவிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது என் தப்பு. ஆறிப்போன என் தட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஜுரம் வந்தாலும் நீ சாப்பிட மாட்டே, வராட்டியும் சாப்பிட மாட்டே. இத கண்டுபிடிக்க ஈயம் எதுக்குடி?"

ஜாமீன்

மறுநாள் எங்கள் குழுவின் கூட்டம். அங்கே என் முடிவை ஏற்காவிட்டால் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும், எனக்கென்று சொல்லிவைத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். கூட்டத்துக்கு முந்தின நாள் களத்தில் கடைசி நேர வேலையில் இருந்தபோது வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்தார். தட்டச்சு செய்துகொண்டே பேசலாமென்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாதியைக் காணோம்ங்கிறே. எல்லாத்துக்கும் சூடுதான் காரணம்னா எப்படி? ஈயத்துல எவ்வளவு போச்சு? அதுக்குக் கணக்குக் காட்டாம நாளைக்கு வராதே."

அவர் சொன்னது நியாயம்தான். அவசரத்தில் புரோட்டான்–ஈயக் கணக்கை நான் சேர்க்கவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், சாமை புடைத்துக்கொண்டிருந்த லட்சுமி அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்திலிருந்த போனை எடுத்துக்கொண்டார்.

"சார், நான் இந்தப் பொண்ணோட வூட்டுக்காரம்மா பேசறேங்க. இது வந்ததிலிருந்து எங்க களத்துல ஒரு பிடி சாமை கொறஞ்சதில்லீங்க. உங்க ஈயத்த இது எடுத்திருக்காது. சந்தேகம்னா வந்து வூட்ட சோதனை போட்டுக்கோங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பேராசிரியர், "சரிம்மா. உங்க ஜாமீன்ல ஒரு வாரம் விடறேன். அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்றார்.

உள்ளாள்

அந்த வாரம் தூக்கமில்லாமல் கழித்தேன், அதாவது கழித்தல் கணக்குப் போட்டேன். சூட்டின் பங்கு சுருங்கியது, ஆனால் நிலைத்தது. குழு ஏற்றுக்கொண்டது. களத்திலேயே அழுதுவிட்டேன்.

"அப்ப யாருதான் எடுத்தது?" என்று கேட்டார் அக்கா. பெரும்பங்கு சூடு, மிச்சம் ஈயமே விழுங்கியது என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் அப்பவே நெனச்சேன், உள்ளாளு வேலைதான்னு."

டாக்டர் பட்டம் வாங்கி என்ன பயன், இந்த மலையில் இன்றைக்கும் நான் ஈயத் திருட்டுக் கேஸில் லட்சுமி அக்கா ஜாமீனில் வெளியே வந்த பெண்தான்.