மச்சான் ரிசார்ட்டுக்கு ஒரு தனி ரூட்

1. கேபிள் இறங்கும் காலை

திருக்கழுக்குன்றத்தில் தேர் ஓடும் நாளில் எங்கள் கம்பெனி ஒற்றைக் காலில் நிற்கும். தேர் வீதியின் குறுக்கே தொங்கும் கேபிள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். டிவி கேபிளோ எங்கள் ஃபைபரோ, எதற்கும் சலுகை கிடையாது. தேர் அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ஏற்றிக் கட்டலாம்.

செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு மாமல்லபுரம் கடற்கரை வரை இன்டர்நெட் விற்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளி கஜேந்திரன் கேபிள் டிவியில் தொழிலைத் தொடங்கியவர். நான் நெட்வொர்க் இன்ஜினியர். விசிட்டிங் கார்டில் ‘ஹெட்’ என்று போட்டிருக்கும். என் கீழே வேலை செய்ய யாரும் இல்லை என்பது கார்டில் போடாத விவரம்.

மாமல்லபுரத்துக்கு எங்களிடம் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் நேர் வழி. இன்னொன்று, கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் இறங்கும் வழி. முதல் வழி அடைபட்டால் ரூட்டர்கள் தாமாகவே இரண்டாவதற்கு மாறிக்கொள்ளும். நான் எதையும் தொட வேண்டாம். எனக்குப் பிடித்த வகை வேலை அது.

அன்று காலையும் அப்படித்தான் ஆனது. லைன்மேன் தனசேகர், எங்களுக்குத் தனா, போனில் கூப்பிட்டான்.

“கழட்டி எறக்கிட்டேன்ணா. சுருட்டி கம்பத்துல கட்டிட்டேன்.”

திரையில் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் பக்கம் டேட்டா டிராஃபிக் கீழே விழுந்தது, கோவளம் பக்கம் ஏறியது. ஏதோ நானே தோள் கொடுத்துத் தூக்கி வைத்த மாதிரி நிம்மதியாக டீ சொன்னேன்.

2. கத்தல் வந்த பாதை

டீக்கு முன்னால் முதலாளி வந்தார்.

“யோவ் இன்ஜினியரு, என் மச்சான் ரிசார்ட்ல நெட்டு இல்லியாம். ஊருக்கே கீது, அவனுக்கு மட்டும் இல்ல. இன்னாய்யா நடக்குது?”

மாமல்லபுரம் கடற்கரையில் ரிசார்ட் வைத்திருப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. அன்று ஏதோ ஒரு கம்பெனி அங்கே ஹாலை வாடகைக்கு எடுத்து, வெளிநாட்டு ஆபீசோடு வீடியோவில் மீட்டிங் வைத்திருந்தது. வந்தவர்கள் மச்சானிடம் கத்த, மச்சான் முதலாளியிடம் கத்த, முதலாளி என்னிடம் வந்திருந்தார். இன்டர்நெட்டில் தகவல் துண்டு துண்டாகப் பயணம் செய்யும் பாக்கெட்டுகள் வழியில் தொலைந்துபோகும். கத்தல் மட்டும் ஒரு கம்பெனியில் மேலிருந்து கீழே ஒரு சொல் குறையாமல் வந்து சேரும். அடுத்து அது போய்ச் சேர வேண்டிய ஆள் தனா.

“அவன்தான் மாத்தி எதையோ அறுத்துட்டான்” என்று சொல்லிக்கொண்டே முதலாளி ஸ்பீக்கரில் போன் போட்டார். பின்னால் மேளமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

“டேய் தனா, இன்னாத்தடா அறுத்த?”

“ஒண்ணியும் அறுக்கல மொதலாளி. நம்ம ஃபைபர் ஒண்ணத்தான் கழட்டினேன்.”

“இப்பவே மேல ஏத்திக் கட்டு.”

“தேரு வந்துகினு கீது மொதலாளி. முக்கு திரும்பப் போவுது. இப்போ கட்டுனா கலசத்துல மாட்டும்.”

“ஒசரமா கட்டுடா.”

“கம்பமே அவ்ளோ ஒசரம் இல்லியே.”

“கட்டுன்னா கட்டு. இல்லாங்காட்டி ஃபைபர் ஒட்டுற மெஷினையும் பைக் சாவியையும் ஆபீஸ்ல வெச்சுட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு.”



“கட்ட மாட்டேன் மொதலாளி. இத்தினி ஜனம் கீழ நிக்குது. சாயங்காலம் வந்து சாவி தரேன்.”

போன் அடங்கியது. முதலாளி என்னைப் பார்த்தார். “திமிரப் பாத்தியா? அவன் வேணாம். வேற ஆள அனுப்பிக் கட்டச் சொல்றேன்.”

நான் தைரியசாலி இல்லை. முதலாளியை நான் கடைசியாக எதிர்த்தது ஏ.சி.யின் அளவு விஷயத்தில். அதிலும் தோற்று, ஸ்வெட்டரோடு வேலை பார்க்கிறேன். ஆனால் தனா சொன்னது காதிலேயே நின்றது. எட்டு வருடமாகக் கம்பம் ஏறுகிறவன். அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீடு ஓடுகிறது. அதை விட்டாலும் விடுவேன், கட்ட மாட்டேன் என்கிறான் என்றால் அவனைச் சந்தேகப்படும் முன் என் ரூட்டரைச் சந்தேகப்படலாம்.

“சார், யாரையும் அனுப்பாதீங்க. தேர் அந்த முக்கைத் தாண்டற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. கண்டுபிடிக்காம இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

“அதுக்குள்ள மச்சான் என்னை எழுந்திருக்க வுட மாட்டான்” என்று எதிரே உட்கார்ந்தார்.

3. டேபிள் சொன்னது

லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ரிசார்ட்டுக்கு பிங் அடித்தேன். பதில் இல்லை. ரிசார்ட்டை ஒட்டியிருக்கும் மெடிக்கல் ஷாப்புக்கு அடித்தேன். பதில் வந்தது. இரண்டு பேருக்கும் லைன் போவது அதே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான். ஆக, மாமல்லபுரத்தில் லைன் நன்றாக இருக்கிறது. தனா எதையும் மாற்றி அறுக்கவில்லை.

அடுத்து டிரேஸ்ரூட். பாக்கெட் எந்தெந்த ரூட்டரைத் தாண்டிப் போகிறது என்று காட்டும் கட்டளை அது. மெடிக்கல் ஷாப்புக்குப் போனது செங்கல்பட்டு, கோவளம், மாமல்லபுரம் என்று ஒழுங்காகப் போயிற்று. ரிசார்ட்டுக்குப் போனது செங்கல்பட்டைத் தாண்டியதும் பதில் இல்லை என்று சொல்லும் வெறும் நட்சத்திரக் குறிகள். கோவளம் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ரூட்டிங் டேபிள் என்றதும் முழுப் பயணத் திட்டம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் “மாமல்லபுரம் போகணும்” என்று கேட்டால், “அதோ அந்த வண்டியில ஏறு” என்று கைகாட்டுவாரே, அவர்தான் ரூட்டர். ஏற்றிவிடுவதோடு அவர் வேலை முடிந்தது. இறங்கிய இடத்தில் அடுத்த ஆள் கைகாட்டுவார். கைகாட்டுவதற்கு அவர் பார்த்துக்கொள்ளும் பட்டியல்தான் டேபிள். அதில் இரண்டு வரிகள் பொருந்தினால், எது இன்னும் குறிப்பான முகவரியைச் சொல்கிறதோ அதுதான் செல்லும். ‘மாமல்லபுரம் ஆட்கள் எல்லாம் கோவளம் வண்டி’ என்று ஒரு வரி, ‘அதில் ரிசார்ட் ஆட்கள் மட்டும் திருக்கழுக்குன்றம் வண்டி’ என்று இன்னொரு வரி இருந்தால், ரிசார்ட்காரர்கள் இரண்டாவதில்தான் ஏற வேண்டும்.

எங்கள் டேபிளில் அப்படியே ஒரு வரி இருந்தது. ரிசார்ட்டுக்கு மட்டும் கையால் போட்ட ஸ்டாட்டிக் ரூட். போன வருடத் தேருக்குப் பிறகு, முதலாளி சொன்னபடி எனக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் போட்டது. அவர் இப்போது துபாயில் இருக்கிறார்.

மற்ற ரூட்டெல்லாம் பக்கத்து ரூட்டரிடம் சில விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கியா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் நின்றால் வழியை மாற்றும். ஸ்டாட்டிக் ரூட் யாரையும் கேட்காது. எங்கள் ரூட்டரில் ஃபைபர் செருகியிருக்கும் போர்ட் செத்தால்தான் அதுவும் சாகும். போர்ட்டோ பச்சை விளக்கோடு எரிகிறது. காரணம், தேர் வீதிக்கு முன்னாலேயே ஒரு கடை மாடியில், லைனை வாங்கி அடுத்த பக்கம் அனுப்பும் எங்கள் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. அதுவரை ஃபைபர் நன்றாக இருக்கிறது. மச்சானின் பாக்கெட்டெல்லாம் ஜம்மென்று அந்தக் கடை மாடி வரை போய் அங்கேயே மாண்டுகொண்டிருந்தன.

“சார், உங்க மச்சானுக்குப் போட்ட தனி ரூட்தான் பிரச்சினை. எடுத்துட்டா அவரும் ஊரோட சேர்ந்து கோவளம் வழியா போயிடுவார்.”

முதலாளி முகம் சுருங்கியது. “அது அவன் நல்லதுக்குப் போட்டதாச்சேய்யா. ஸ்பீடா இருக்கும்னு சொல்லிக் குடுத்தேன். எடுத்தேன்னு தெரிஞ்சா என் வூட்டுலயே பேஜாராயிடும்.”

“தனாவை எடுக்க யோசிக்கல. ஒரு வரிய எடுக்க யோசிக்கறீங்களே.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே உறைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வரியை நீக்கி என்டரைத் தட்டினேன். பிங் பதில் வர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மச்சானிடமிருந்து போன். கத்தல் இல்லை.

“சரி, தனாகிட்ட நீயே சொல்லிடு” என்று எழுந்தார் முதலாளி.

“நீங்கதான் சார் பேசணும்.” போனைப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

“சொல்லுங்க மொதலாளி. கூட்டத்துல வண்டிய எடுக்க முடியல. சாவி சாயங்காலம்தான்.”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“நாஸ்தா துன்னியாடா?”

“இன்னும் இல்ல.”

“மொதல்ல துன்னு. தேரு தாண்டினப்புறம் பொறுமையா கேபிளக் கட்டு.”

“அப்போ சாவி?”

“உன்னாண்டயே இருக்கட்டும்.”

எங்கள் கம்பெனியில் மன்னிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. இதுதான் அது.

அன்று நான் கற்றது இதுதான். எது நின்றாலும் கடைசியாகக் கம்பத்தில் ஏறியவன் கண்ணில் படுவான். டேபிளில் உட்கார்ந்திருக்கும் ஒரு வரி கண்ணில் படாது. முதலில் அந்த வரியைத் தேடுங்கள். ஆளைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்த வாரமே முதலாளி வந்து, சிங்கப்பெருமாள் கோயிலில் தன் சித்தப்பா கடைக்கு ஒரு தனி ரூட் கேட்டார். “போட மாட்டேன் சார்” என்றேன். தனா சொன்ன அதே தோரணையில் சொல்லத்தான் முயன்றேன். என் குரலில் அது பாதி கெஞ்சலாக வந்தது. ஆனாலும் போடவில்லை.