நடுவில் சொன்ன ஆமென்

பகல் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால், சாயங்காலம் என் மகனின் சைக்கிள் கேட்டில் இடிக்கும் சத்தம் கேட்கிறவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. மடித்த துணியையே மறுபடி உதறி மடிப்பேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் காது வாசலில்தான் இருக்கும். போன வருஷம் முக்கால்வாசி இப்படித்தான் போனது. இத்தனைக்கும் நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். எனக்கு வாய் அதிகம் என்று டாக்டர்களே சொல்வார்கள். ஆனால் அந்த வேலைதான் என்னைப் பயப்பட வைத்தது. அவசரப் பிரிவுக்கு எந்த வயசுப் பிள்ளைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தவள் நான். பின்னாலேயே செருப்பில்லாமல் ஓடிவரும் தாய்மார் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "காலையில நல்லாத்தான இருந்தான்."

என் மகன் அப்போது பிளஸ் ஒன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மட்டன் குழம்பு சாப்பிட்டு, அவன் அப்பா ஃபேனுக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம். நான் பாத்திரம் கழுவ, அவன் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். அன்றைக்குக் கோயிலில் யாருக்கோ கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்ததைப் பற்றி நான் ஏதோ பேசினேன். உனக்கும் ஒருநாள் இப்படி வாசிப்பார்கள் என்று கேலி செய்தேன். அவன் தட்டைத் துடைப்பதை நிறுத்தினான்.

"அம்மா, எனக்குப் பயலுவளத்தான் பிடிக்கி. பிள்ளையள அப்பிடிப் பிடிக்கல. ரொம்ப நாளாவே தெரியும்."

"எந்தப் பய?" என்றுதான் முதலில் கேட்டேன். அம்மா புத்தி.

"எந்தப் பயலும் இல்லம்மா. பொதுவாச் சொல்லுதேன்."

தன்பாலீர்ப்பு என்ற வார்த்தையை ஆஸ்பத்திரிப் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். அது நோய் இல்லை, யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை என்பதும் தெரியும். என்றாலும் அழுகை வந்தது. அழுகைக்கு முன்னாலேயே பயம் வந்துவிட்டது. இந்தப் பிள்ளையை இந்த ஊர் என்ன பாடு படுத்தப்போகிறதோ. ஈரக்கையோடு அவனைக் கட்டிக்கொண்டேன். சட்டை நனைகிறது என்று சிரித்தான். "அப்பாட்ட நீயே சொல்லிரும்மா" என்றான்.

சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கேட்டுவிட்டு எழுந்தார். பிறகு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்ட்டியாய்யா?" என்று கேட்டார். அவன் சாப்பிட்டதை அவரே பார்த்திருந்தார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் காரியம் கெட்டது.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதவசனம், அதற்குப் பிறகு ஜெப விண்ணப்பம். வெளியே சொல்ல முடியாத விஷயமென்றால் பெயரைச் சொல்லாமல் சொல்லலாம். "ஒரு சகோதரிக்கு வயித்துல கட்டி." "ஒரு குடும்பத்துல குடிப்பழக்கம்." பெயர் சொல்லாவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்று எல்லாரும் நம்புவோம். அந்தச் சகோதரி யார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு டூட்டி. இவர் மட்டும் போயிருக்கிறார். எழுந்து நின்று, ஆண்பிள்ளைகளையே விரும்புகிற ஒரு வாலிபப் பிள்ளைக்கு ஆண்டவர் பாதுகாப்பு கொடுக்க வேண்டும், அவன் தாய் தகப்பனுக்குப் பெலன் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேட்கும்போது குரல் உடைந்து அழுதும் விட்டார். எங்கள் தெருவில் அந்த வயசுப் பையன் உள்ள வீடு இன்னும் ஒன்றுதான் உண்டு. அந்தப் பையன் அடுத்த தெருப் பெண்ணின் பின்னால் சுற்றி, அவள் அண்ணனிடம் உதை வாங்கியவன்.

"நான் பேரே சொல்லலியே ஏளா" என்றார் வீட்டுக்கு வந்து.

"பேரச் சொல்லாம அழுதிட்டு வந்திருக்கிய. வேற என்ன வேணும் அவுகளுக்கு?" என்று கத்தினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மேலே கத்த முடியவில்லை. நல்லதென்று நினைத்துத்தான் செய்திருந்தார்.

முதலில் வந்தது கரிசனம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பெண்கள் அவன் கன்னத்தைத் தடவி, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். பிறகு அந்தப் பேச்சு வீடுகளில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, அங்கிருந்து பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அவன் சைக்கிள் சீட்டில் பொட்டு ஒட்டினார்கள். வகுப்பு வாட்ஸப் குழுவில் அவன் முகத்தை ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஒட்டிப் போட்டார்கள். ஒருநாள் சட்டை முழுக்க நனைந்து வந்தான். பைப் உடைந்துவிட்டது என்றான். இல்லை, கக்கூஸில் போட்டுப் பூட்டி மேலேயிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் விசிறிக்கொண்டே சொன்னார்: "பயலுவ விளையாட்டுக்குச் செய்யுதானுவ. நீங்களும் பையன கொஞ்சம் ஆம்பளத்தனமா வளத்திருக்கணும்லா."

"ஐயா, என் பிள்ள யாரையும் கக்கூஸுல வச்சிப் பூட்டல. பூட்டுனவனுவ அம்மாவக் கூப்பிட்டு இதச் சொல்லுங்க" என்றேன். என் சத்தத்துக்கு வராண்டாவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். அவர் நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். எடுத்தார். என் மகனை வேறு வகுப்புக்கு மாற்றினார். பூட்டியவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். புது வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு அவன் சாப்பாடு குறைந்தது. கேட்டதற்கு மட்டும் பதில். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பான், அதை நிறுத்தினான். ஒரு சனிக்கிழமை காலை என்னிடம் வந்து, "அம்மா, என் கீபோர்ட சண்டே ஸ்கூலுக்குக் குடுத்திருவமா? சின்னப் பிள்ளைய வாசிக்கட்டும்" என்றான். ரொம்ப சாந்தமாகக் கேட்டான். ஆசை ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிள்ளைகள் இப்படிக் கொடுக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணம் வரும் என்று பயந்து கேட்காமல் இருக்கக் கூடாது என்பதும் தெரியும். அவன் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"எய்யா, செத்துப்போவலாம்னு தோணுதா?"

அவன் தரையைப் பார்த்தான். "சில நாள் தோணுது."

"இன்னைக்கி?"

"இன்னைக்கி இல்ல."

அன்றே நானும் அவன் அப்பாவும் அவனை எங்கள் ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரொம்ப நேரம் அவனோடு தனியாகப் பேசினார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அவன் சுபாவத்தில் எந்தக் கோளாறும் இல்லை, மற்றவர்கள் செய்கிறதுதான் அவனைச் சாகடிக்கிறது என்றார். "தனியா விடாதீங்க. வாராவாரம் கூட்டிட்டு வாங்க. மாத்துறேன்னு யாராவது வந்தா கிட்ட சேக்காதீங்க. நம்ம பக்கம் ஆள் இருக்குன்னு அவன் கண்ணால பாக்கணும்." என் வீட்டுக்காரர் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். அதற்குள் அவர் இன்னொன்றுக்கும் தலையை ஆட்டி வைத்திருந்தார் என்று வீட்டுக்கு வந்துதான் சொன்னார்.

எதிர்வீட்டு அக்காதான் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர்கள். நான் நைட் டூட்டிக்குப் போன காலத்தில் என் மகனைத் தன் பிள்ளையோடு படுக்கப்போட்டு வளர்த்தவர்கள். அவர்கள் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து, ஊர் ஊராகப் போய் ஜெபிக்கிற ஒரு ஊழியக்காரரை வரச்சொல்லியிருந்தார்கள். பிள்ளைக்காக வீட்டில் ஒரு விசேஷ ஜெபம். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம்.

வேண்டாம் என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் மாமனார் செத்தபோது நாற்காலி போட்டதிலிருந்து சோறு பொங்கியதுவரை இவர்கள்தான் செய்தார்கள். இவர்களை வாசலில் நிறுத்தினால் நாளைக்கு எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் என் மகனே, "வரட்டும்மா. ஒரு தடவ ஜெபிச்சிட்டா விட்டுருவாவல்லா" என்றான்.

வந்தார்கள். எங்கள் முன்னறை நிறைந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்ட ஊழியக்காரரிடம் வாசலிலேயே, "ஐயா, படிப்புக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் ஜெபிங்க" என்று சொன்னேன். "ஆவியானவர் நடத்துவார்ம்மா" என்று சிரித்தார். என் மகனை நடுவில் முழங்காலில் இருக்கச் சொன்னார். எல்லாரும் கண்ணை மூடினோம்.

ஆரம்பம் சாதாரணமாகத்தான் இருந்தது. பைய சத்தம் ஏறியது. "இந்தப் பிள்ளைக்குள்ள இருக்கிற அசுத்த ஆவியே" என்று அவர் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் தோத்திரம், தோத்திரம் என்றார்கள். நான் கண்ணைத் திறந்தேன். சின்ன வயசிலிருந்து ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தவள் இல்லை. அவருடைய இரண்டு கையும் என் மகன் தலையை அமுக்கிக்கொண்டிருந்தன. கழுத்து முன்னால் மடங்கிவிட்டது. அத்தனை பேரும் கண்ணை மூடியிருக்க, அவன் மட்டும் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீபோர்டைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டபோது இருந்த அதே சாந்தம். இந்த ஜெபம் முடிவதற்குள் என் பிள்ளை முடிந்துபோவான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கிற மனிதரை எப்படிக் குறுக்கே நிறுத்துவது? எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு ஜெபத்தை முடிக்கிற வார்த்தை எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். அதைச் சொன்னேன்.

"ஆமென்!"

சத்தமாகச் சொன்னேன். பழக்கதோஷம், அறையே "ஆமென்" என்றது. கண்கள் திறந்தன. பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள். ஒரு பெரியவர் எழுந்திருக்கவே ஆரம்பித்துவிட்டார். ஊழியக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஜெபம் இன்னும் முடியலம்மா" என்றார். மறுபடி எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு என் மகன் தலைக்கு வந்தார். இன்னொரு தடவை சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

"ஆமென்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவருடைய வழக்கமான தாழ்ந்த குரல்தான். இந்தத் தடவை கூடச் சேர்ந்து சொன்னவர்கள் கொஞ்சம் பேர். அவர் எழுந்துபோய் மகனைக் கைகொடுத்துத் தூக்கி, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஜெபம் முடிஞ்சிட்டு ஐயா. எம்பிள்ளைக்குள்ள ஆவி ஒண்ணும் இல்ல. அவன் பொறந்ததே அப்பிடித்தான். நான்தான் தெரியாம வந்து உங்ககிட்டச் சொல்லிட்டேன். எல்லாரும் காப்பி குடிங்க."

யாரும் குடிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்துபோனால் அந்த வீட்டில் இனி கைநனைக்க மாட்டோம் என்று அர்த்தம். ஆறிப்போன காப்பியை ஒவ்வொரு டம்ளராகத் தொட்டியில் கொட்டினேன். துணிச்சல் வந்திருக்க வேண்டியவளுக்கு முன்னைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. இனி நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போக வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். அவன் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். "போவோம்மா. ஆனா நீங்க ரெண்டுபேரும் என் பக்கத்துல இருக்கணும்" என்றான்.

எங்கள் கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து நான் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனை கேட்டதில்லை. அன்றைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஆண்கள் பக்கம் நடந்தேன். நடுவில் மகன், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். எங்களுக்கு முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். பின்னால் பையன்கள் குசுகுசுவென்று சிரித்தார்கள். இடது பக்கத்திலிருந்து அத்தனை பெண்களும் என்னையே பார்ப்பது, பார்க்காமலே தெரிந்தது. எனக்கு வேர்த்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நிற்கிற நேரத்தில் என் மகன் என் காதருகே குனிந்தான்.

"அம்மா, பயமாருக்கு."

"எனக்குந்தாம்லே" என்றேன். "வீட்டுக்குப் போயிருவமா?"

பின்னால் இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"வேண்டாம்மா" என்றான். "இருப்போம்."