பதினான்காம் தட்டு

அந்தப் படிவத்தில் மொத்தம் பதினெட்டுக் கேள்விகள். பதினாறாவது இது: "ஈ.ஆர்.பி வந்த பிறகு உற்பத்தித் தகவல்களின் துல்லியம் கூடியிருக்கிறதா?" ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டங்கள். நான் ஆம் என்பதில் குறியிட்டேன். அது உண்மை. எப்படிக் கூடியது என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

செய்தித்தாள் வேலையை விட்ட பிறகு, சிறு தொழிற்சாலைகளைப் பற்றி அறிக்கை எழுதித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. கொள்முதல், உற்பத்தி, இருப்பு, ஏற்றுமதி எல்லாவற்றையும் ஒரே கணினிக்குள் கொண்டுவரும் ஈ.ஆர்.பி என்ற மென்பொருளைச் சில சிறிய ஆலைகள் மானியத்தில் வாங்கியிருந்தன. அதனால் பயன் உண்டா என்று பார்த்து எழுத வேண்டும். ஒவ்வோர் ஆலைக்கும் மூன்று முறை போக வேண்டும்: மென்பொருள் வருவதற்கு முன், வந்த சில மாதங்களில், ஒரு வருடம் கழித்து. எனக்கு ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்று, சாயல்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்த நண்டுச் சதை ஆலை.

முதல் முறை போனபோது எல்லாம் நோட்டில்தான் இருந்தது. வேகவைத்த நண்டு கூடைகூடையாக வரும். நீளமான எவர்சில்வர் மேசையின் இருபுறமும் நீலத் தொப்பி போட்ட பெண்கள் உட்கார்ந்து, சிறு கத்தியால் ஓட்டைப் பிளந்து சதையைத் தட்டில் எடுப்பார்கள். சாயங்காலம் தட்டு எடைக்குப் போகும், ஆளுக்கு எவ்வளவு என்று நோட்டில் ஏறும். அவ்வளவுதான் முறை.

மேசையின் கடைசியில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். வலது கை விரல்கள் பாதிக்கு மேல் மடங்காது. பல வருடம் ஐஸிலும் வெந்நீரிலும் மாறி மாறிக் கிடந்த கை. அவர் இரண்டு நண்டு உடைப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் நான்கு உடைத்துவிடுவார். எடைக்குப் போகும் நேரம் நெருங்கியதும் ஒவ்வொருவரும் தன் தட்டிலிருந்து ஒரு பிடி சதையை எடுத்து அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள். அது கைமாறிக் கைமாறி அந்தக் கடைசித் தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காய்ச்சலோடு வருபவளுக்கும் மாதம் நெருங்கிய கர்ப்பிணிக்கும் இப்படி ஒரு பிடி உண்டு என்று பிறகு தெரிந்தது. இவருக்கு மட்டும் தினமும்.

டீ நேரத்தில் அவரிடம் பேசினேன். அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஆலை மூலம் கிடைத்த காப்பீட்டு அட்டையில்தான் அது நடந்தது.

"இந்த வேலை இருந்தாத்தான் சார் அட்டை. அட்டை இருந்தாத்தான் அவுக" என்றார்.

இரண்டாம் முறை போனபோது ஆலை மாறியிருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எண். கொடுக்கிற நண்டுக்கும் எடை, திரும்பி வரும் சதைக்கும் எடை. எந்தப் படகின் நண்டு என்று ஒவ்வொரு தட்டிலும் ஒட்டுத்தாள். ஒரு கிலோ நண்டுக்கு யார் எவ்வளவு சதை எடுத்தார் என்று சுவரில் இருந்த திரை வரிசைப்படுத்திக் காட்டியது. முதல் இடத்தில் எண் பதினான்கு. அது மேசையின் கடைசியில் இருந்தவர். அவருடைய படத்தைப் பெரிதாக்கி, நட்சத்திரம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"மதினி, நடிகை மாதிரி செவத்துல ஏறிட்டீக. இனி எங்க கூட உக்காந்து நண்டு ஒடைப்பீகளா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒரு கும்புடு போட்டுட்டு ஒடைடி" என்றார் அவர். மேசை முழுக்கச் சிரித்தது.

முதலாளி, சவூதியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்து இந்த ஆலையைத் தொடங்கியவர். அவரும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மாஷா அல்லாஹ், பாத்தீங்களா சார்? கம்ப்யூட்டர் இல்லாட்டி இவங்க தெறமை எனக்குத் தெரிஞ்சிருக்குமா? மெதுவா எடுக்குறாங்க, ஆனா ஓட்டுல ஒரு நூல் சதை விடல."

அறிக்கைக்காக நான் மூன்று மாத விவரத்தை ஆளுக்கொரு கோடாக அச்செடுத்து வாங்கி, முதலாளியின் அறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். பௌர்ணமியை ஒட்டிப் பிடிபடும் நண்டில் சதை இருக்காது. அந்த நாட்களில் எல்லோர் கோடும் இறங்கியிருந்தது. பதினான்கின் கோடு மட்டும் ஏறியிருந்தது. செய்தித்தாளில் இருபது வருடம் செய்த வேலை அது, பொருந்தாத எண்ணைக் கண்டால் கேட்பது. எதிரில் இருந்த முதலாளியிடம் கேட்டேன்.

"பௌர்ணமி நண்டிலும் இவருக்கு மட்டும் இவ்வளவு சதை எப்படி வருகிறது?"

கேட்ட பிறகுதான் எனக்கே விடை ஞாபகத்துக்கு வந்தது. முதல் பயணத்தின் குறிப்பேட்டில் அது என் கையெழுத்தில் இருந்தது. முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எழுந்து கண்ணாடிச் சன்னல் வழியாக மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடைக்குப் போகும் நேரம் அது.

அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் சொன்னது இது: "ஒரு டின்னுல சதை கெட்டுப்போச்சுன்னு வெளிநாட்டுலேருந்து வந்தா, எந்தப் படகுன்னு நான் கைகாட்டணும் சார். ஒரு பிடி கலந்தாலும் எல்லாப் படகும் கலந்த மாதிரிதான். இதுக்குத்தான இவ்வளவும் வாங்கிப் போட்டேன்?"

மூன்றாம் முறை போனபோது மேசையில் ஆளுக்கு ஆள் நடுவே முழங்கை உயரத்துக்குத் தகரத் தடுப்பு இருந்தது. திரையில் கோடுகள் ஒழுங்காக இருந்தன, பௌர்ணமிக்கு எல்லாமே சேர்ந்து இறங்கின. அறிக்கைக்கு நல்ல படம். கடைசி இருக்கையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சுவரில் படம் மாட்டிய ஆணி மட்டும் இருந்தது.

"மதினியத் தேடுறீகளா?" என்று கேட்டாள் முன்பு கிண்டல் செய்தவள். கத்தியை நிறுத்தவில்லை. "யாரும் போகச் சொல்லல. நெதம் அவுக நம்பரு மட்டும் செவப்புல வரும். எல்லாரும் பாக்குற மாதிரி. ஒரு மாசம் வந்தாக, அப்புறம் அவுகளே நின்னுட்டாக. அன்னைக்கு நீங்க மொதலாளிக்கிட்ட கேட்டீகல்ல, அதுலேருந்துதான்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தேதி சொல்வதுபோல் சொன்னாள்.

வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். மத்தியான வெயில். ஓட்டு வீடு, வாசலில் வேப்பங்கன்று. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். இரண்டு காலும் வீங்கி, தோல் மினுமினுத்தது. முகமும் ஊதியிருந்தது. நான் யார் என்று அந்தம்மா அவருக்குச் சொன்னார்: "ஆலைக்கு எழுத வருவாகளே, அவுக."

நான் கேட்ட கேள்வியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தம்மா கையை அசைத்து நிறுத்தினார். அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து வந்தார். அட்டையோடு மடித்த ஒரு தாள்.

"எழுத்து பொடிசா இருக்கு. வேலைய விட்டாலும் கொஞ்ச நாளைக்கு அட்டை செல்லும்னு ஆபீஸ்ல சொன்னாக. வாசிச்சுச் சொல்லுங்க சார்."

வாசித்தேன். அடுத்த மாதம் முடியும்வரை செல்லும் என்றேன்.

"எத்தன தடவைக்கு?"

"தடவைக் கணக்கு இல்லைம்மா. அந்தத் தேதிவரைக்கும் எத்தனை தடவை வேணாலும் போகலாம்."

அவர் தாளை வாங்கி, நான் வாசித்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "வாரம் ஒன்னாக் கொறச்சா, இன்னுங் கொஞ்ச நாளு வருமே?" என்றார்.

"வராதும்மா."

"வாரம் ஒரு நாளு வரலன்னு நர்ஸு ஏசுனாக. பஸ்ஸு கெடைக்கலன்னு சொல்லிட்டேன்."

எப்போதிலிருந்து ஒரு தடவை என்று கேட்டேன். ஆலையை விட்ட வாரத்திலிருந்து என்றார். ஏழு மாதம் ஆகியிருந்தது.

உறைக்குள் தாளையும் அட்டையையும் வைக்க அந்த விரல்களுக்கு நேரம் பிடித்தது. நான் உதவவில்லை. பிறகு அவர் கட்டிலின் பக்கம் திரும்பி, "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றார்.

"நாளைக்கு நம்ம நாளு இல்லையே" என்றார் கணவர்.

"நம்ம நாளு ரெண்டுதான். ஒன்ன நான்தான் எடுத்து வச்சிருந்தேன்."

அவர் வீங்கிய காலைக் கொஞ்சம் நகர்த்தி, மனைவி உட்கார இடம் விட்டார். அந்தம்மா உட்காரவில்லை. கொடியில் கிடந்த வேட்டியை எடுத்து மடித்தபடி, காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.