மோத்தி செத்த வழக்கு

துரைக்கண்ணு, செஞ்சியில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த சுந்தரமூர்த்தியிடம் கார் டிரைவராக இருந்தவர். லாரி கிளீனராகத் தொடங்கி ஸ்டியரிங் பிடிக்கும் நிலைக்கு வந்தவர். சலவைச் சட்டையோடு அவர் அம்பாசிடரிலிருந்து இறங்கும்போது கடைத்தெருவில் ஒரு மரியாதை இருந்தது. அதில் அவரைவிட அவர் மனைவி கமலாம்பாளுக்குத்தான் பெருமை அதிகம்.

முதலாளி வீட்டில் மோத்தி என்று ஒரு நாய். பாண்டிச்சேரியில் ஒரு துரை வீட்டிலிருந்து குட்டியாக வாங்கி வந்தது. உடம்பெல்லாம் அடர்ந்த முடி, செஞ்சி வெயிலுக்கு ஆகாத உடம்பு. அதைக் குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாம் துரைக்கண்ணு வேலைதான். கார்க் கதவைத் திறந்தால் போதும், அவருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

1964 சித்திரையில் முதலாளி வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கோட்டை பார்க்கக் கிளம்பினார்கள். மோத்தியும் ஏறிக்கொண்டது. ராஜகிரி அடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் துரைக்கண்ணு வண்டியை நிறுத்தினார்.

"மோத்திய மரத்துல கட்டட்டுங்களா மொதலாளி?"

"கொரங்குங்க கொதறிப்புடும். உள்ளயே இருக்கட்டும்."

"அப்ப கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வைக்கறன்."

"பொம்பளைங்க பொட்டியெல்லாம் உள்ள இருக்குது. ஏத்திட்டுப் பூட்டு. நெழல்லதான இருக்குது?"

துரைக்கண்ணு பூட்டினார். சாப்பாட்டுக் கூடையையும் தண்ணீர்ப் பானையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறினார்.

பாதி மலையில் பெண்கள் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பாறை சுட்டது. துரைக்கண்ணு கீழே பார்த்தார். நிழல் மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. வண்டியின் கூரை பளபளத்தது.

"மொதலாளி, வண்டி வெயில்ல நிக்குது. ஒரு ஓட்டமா போய்ட்டு வந்துடறன்."

"நீ போய்ட்டா கூடைய யார் தூக்குறது? வந்தவங்க இன்னா நெனைப்பாங்க? பேசாம வா."

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். உச்சியில் சம்பந்தி வீட்டார் சாப்பிட்டு, சிரித்து, கோட்டையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எதையும் வாயில் வைக்கவில்லை.

இறங்கி வந்து கதவைத் திறந்ததும் உலை மூடியைத் திறந்ததுபோல அனல் முகத்தில் அடித்தது. பின் சீட்டு கிழிந்து தேங்காய் நார் வெளியே கிடந்தது. கண்ணாடி முழுக்க எச்சில் காய்ந்திருந்தது. மோத்தி டிரைவர் சீட்டுக்குக் கீழே, அவர் கால் வைக்கும் இடத்தில் செத்துக் கிடந்தது.

முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "எங்கியாவது பொதச்சிடு. பசங்க கேட்டா பாம்பு கடிச்சிட்டுதுன்னு சொல்லு."

எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு, துரைக்கண்ணு சாவியைக் கூடத்தில் வைத்தார். டிக்கியில் வைத்திருந்த மோத்தியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

ஏட்டு சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நாய் செத்ததுக்கெல்லாம் கேஸாய்யா?" என்றார்.

"கழுத்துல புண்ணு இருந்த மாட்ட வண்டில பூட்டுனான்னு பச்சைமுத்துவ சந்தையிலேர்ந்து இட்டுனு போனீங்களே. புதுசா சட்டம் வந்திருக்குது, வாயில்லா ஜீவன கொடுமப்படுத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே. அது மாட்டுக்கு மட்டும்தானா?"

ஏட்டு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, வெப்பத்தால்தான் செத்தது என்று எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவானது.

முதலாளி நல்ல வக்கீல் வைத்தார். "கண்ணாடியை இறக்கி வைக்கச் சொன்னேன். டிரைவர் மறந்துவிட்டான். பூட்டியது அவன், சாவியும் அவனிடம்தான்" என்றார். மெட்ராஸ்காரர்கள் சாட்சிக்கு வரவில்லை. துரைக்கண்ணுவையும் வழக்கில் சேர்த்தார்கள்.

அவருக்காக ஃபீஸ் வாங்காமல் வந்த வக்கீல் ஆதிநாதன், கோர்ட்டு வாசலில் அவரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அவர் உங்களக் காட்டுறாரு, நீங்க அவரக் காட்டுங்க. ரெண்டு பேரையும் வுட்டுடுவாங்க."

"அப்ப மோத்திய யாரும் சாகடிக்கலன்னு ஆயிடுமேங்க."

ஆதிநாதன் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

மாஜிஸ்திரேட் கேட்டார்: "வண்டியைப் பூட்டியது யார்?"

"நான்தாங்க."

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"ஒத்துக்கறன்ங்க. ஏத்திட்டுப் பூட்டுன்னு சொன்னது மொதலாளி. ஆனா பூட்டுன கை என்துதான்."

அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லாததால் முதலாளி விடுதலையானார். துரைக்கண்ணுவுக்கு அபராதம் போட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டிக்காரர் பச்சைமுத்து நின்றிருந்தார். "பாத்தியா, அந்தச் சட்டம் உனக்கும் எனக்கும்தான்" என்றார் கசப்போடு.

"தப்பு பண்ணோம்தான அண்ணே, நாம ரெண்டு பேரும்?"

பச்சைமுத்து தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு செஞ்சியில் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுத்தவன் என்று பெயராகிவிட்டது. திண்டிவனத்திலும் விசாரித்துப் பார்த்தார். அவருக்கு முன்னால் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. கடலை மண்டியில் மூட்டை தூக்கப் போனார். கமலாம்பாள் களை வெட்டப் போனாள்.

ஒருநாள் அவள் தாங்க முடியாமல் கத்திவிட்டாள். "அந்த நாயி ஒரு தடவ செத்துது. நாம தெனம் தெனம் சாவறோம். இன்னாத்துக்குய்யா ஸ்டேஷனுக்குப் போன?"

அவர் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "மலை மேல இருந்தப்பவே போயிருக்கணும்டி. அவரு வேணான்னாலும் எறங்கிப் போயிருக்கணும். அப்ப போவல. அதான் அப்புறமாவது போனன்."

அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் சமாதானமும் ஆகவில்லை.

அடுத்த கோடையில் மண்டித் தெருவில் அந்த அம்பாசிடர் நின்றது. உள்ளே வேறொரு நாய். நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. புது டிரைவர் பக்கத்திலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தான். துரைக்கண்ணுவைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்: "நாயி உள்ள இருந்தா நகரவே கூடாதுன்னு மொதலாளி கண்டிசனா சொல்லிட்டாருண்ணே."

"தண்ணி வச்சியா?"

"வச்சன்."

துரைக்கண்ணு தலையாட்டிவிட்டு, முதுகில் மூட்டையோடு மண்டிக்குள் போனார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் மூட்டை தூக்கினார். ஒரு நாள்கூட வண்டி ஓட்டவில்லை.