மெதுவாக ஓடிய அண்ணை

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும்; வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத உட்கார்ந்ததும் கண்ணுக்குள் வந்தது ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. அண்ணை அதைக் காலிலிருந்து கழற்றி நான் பார்த்ததில்லை.

கனடாவில் பிரெஞ்சு பேசும் பகுதியான டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் அவர் எங்கள் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்து ஆள், எல்லோருக்கும் அண்ணை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்த தொலைக்காட்சியில் ஒரு பழைய தொடர் பிரெஞ்சில் போகும். விபத்தில் சிதைந்த ஒருவனுக்கு இயந்திரக் கையும் கால்களும் பூட்டி அரசாங்கம் ஒற்றனாக்கிவிடும். எங்களுக்குப் பிரெஞ்சு விளங்காது. அவன் ஓடுவது விளங்கும். காரையே முந்தும் அந்த ஓட்டத்தை மிக மெதுவாகத்தான் காட்டுவார்கள். அண்ணையின் நடையும் மெதுவானது. "ஆமை வருது" என்று பெடியள் பகிடி பண்ணினால், "டேய், நான் பறக்கிறன். உங்களுக்குத்தான் மெதுவாக் காட்டுறாங்கள்" என்பார்.

மகளின் முதலாம் பிறந்தநாளுக்கு அவரைக் கூப்பிட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. படியேறி வந்தவர் வாசலில் குவிந்து கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார். பொம்மைப் பெட்டியை என் கையில் தந்துவிட்டு, "வேலை கிடக்குது தம்பி, பேந்து வாறன்" என்று திரும்பினார். மனைவி நீட்டிய தேத்தண்ணியைத் தொடவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் வாசலோடு நின்று, கொடுத்ததைக் குடிக்காமல் போனால், சாதி பார்க்கிறார் என்றுதான் பொருள். "கனடாவுக்கு வந்தும் இதை விடேல்லைப் போல" என்றாள் மனைவி. எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. மறுநாளிலிருந்து வேறு மேசையில், தொலைக்காட்சிக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டேன். அவரும் காரணம் கேட்கவில்லை. ஒரு முழுக் குளிர்காலம் அப்படிப் போனது.

பனி உருகத் தொடங்கிய நாட்களில், நான் தள்ளிய தட்டு வண்டி கைதவறி அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே மோதியது. பலகையில் பட்டது போல் ஒரு சத்தம். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதறிப்போய்க் குனிந்தேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்: "எழும்பு தம்பி. அந்தக் கால் ஷெல்லடியில போயிட்டுது. இது பூட்டினது. சப்பாத்தைக் கழட்டினா உயரம் பிசகி விழுந்திடுவன். இஞ்ச தெரிஞ்சா வேலையால நிப்பாட்டிப் போடுவாங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதை."

ஓம் என்றேன். அடுத்த ஞாயிறு அவரைத் திரும்பவும் கூப்பிட்டேன். வாசலில் கிடந்த சப்பாத்துகளையெல்லாம் எடுத்து, காரணம் சொல்லாமல் மனைவிக்கும் பிள்ளைக்கும் மாட்டிவிட்டேன், நானும் போட்டுக்கொண்டேன். சாமிப்படம் இருக்கிற வீட்டில் இதென்ன கூத்து என்று மனைவி முணுமுணுத்தாள். அண்ணை வாசலில் நின்று எங்கள் கால்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதிரையில் அமர்ந்து, "பிள்ளை, தேத்தண்ணி இருக்கோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

போன கிழமை அவர் காலமானார். மரணச்சடங்கு மண்டபத்தில், அதே மாதிரிக் கறுப்புச் சப்பாத்தோடு கிடந்தார். எங்கள் வீட்டில் மட்டும் ஏன் வருகிறவர்களைச் சப்பாத்துக் கழற்றச் சொல்வதில்லை என்று மகள் சின்ன வயதிலிருந்தே கேட்பாள். திரும்பும் வழியில் காரில் வைத்து அவளுக்குச் சொன்னேன். மனைவியும் அப்போதுதான் அறிந்தாள்.

தை 11, ஞாயிற்றுக்கிழமை.