கடல் இல்லாத ஊர்

அந்தமானின் ஹட் பே கப்பல் துறையில் போர்ட் பிளேர் கப்பலுக்காகக் காத்திருக்கிறோம். அலை அடங்கினால்தான் ஏற்றுவார்களாம். பக்கத்தில் ஓர் அம்மா உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறார். வெளிநாடு போகவிருக்கும் நர்ஸ் மகளைப் பார்க்கச் சென்னை போகிறாராம்.

“தம்பி, மகளுக்குக் கனடாவுல ரெண்டு ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஹாலிஃபாக்ஸ், ரெஜைனா. எந்த ஊர்ல கடல் இல்ல?”

“ஹாலிஃபாக்ஸ் கடலோரம்மா. ரெஜைனா நாட்டுக்கு நடுவுல, கோதுமை விளையிற சமவெளி. கடலுக்குப் போக ரயில்லயே நாள் கணக்காகும்.”

“பக்கா?”

“பக்கா.”

உடனே மகளுக்குப் போன் போடுகிறார்.

“ரெஜைனாவுக்கே போ புள்ள. அங்க சுனாமி வராது.”

மறுமுனையில் மகள் ஏதோ கேட்கிறாள். அம்மா கடல் பக்கம் திரும்புகிறார்.

“நான் எப்படிம்மா வர்றது? அப்பா இந்தத் தண்ணியிலதானே இருக்காரு.”