கோடாங்கிக் கண்மாயின் நாலடி

முத்துவீரன் தன்னைப் பொய்யன் என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஏழு தடவை வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில், வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு மனு எழுதிப் பிழைப்பவன் நான். என் பேனா எழுதாத பொய் கிடையாது. உயிரோடு இருக்கிற மாமனாரைச் செத்தவர் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் தான் சொன்ன பொய்யை ஒத்துக்கொள்கிறேன் என்று மனுக் கொடுக்க வந்த ஆள் இவர் ஒருவர்தான். அரசாங்கம் அவரைத்தான் நம்பவில்லை.

அவருக்கும் எனக்கும் ஒரே ஊர். செண்பகத்தோப்புக்குப் போகிற ரோட்டில் பிரிந்து, ஒரு மைல் நடந்தால் கோடாங்கிக் கண்மாய்க் கரை வரும். யாரோ ஒரு கோடாங்கி உடுக்கடித்து, இங்கே வெட்டினால் தண்ணீர் நிற்கும் என்று குறி சொன்னானாம். அவன் பேச்சைக் கேட்டு வெட்டிய ராஜா யார் என்று ஒருவருக்கும் தெரியாது. குறி சொன்னவன் பெயர் நிலைத்துவிட்டது, மண் சுமந்தவர்கள் பெயர் எதுவும் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மடைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மாசி வரைக்கும் தண்ணீர் கிடக்கும். பிறகு மலையிலிருந்து வருகிற ஓடை வருடா வருடம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கண்மாயைத் தட்டாக்கிவிட்டது.

முத்துவீரன் மண்வெட்டுக் கூட்டத்துக்கு மேஸ்திரி. குளம் வெட்டும்போது எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று பின்னால் எப்படித் தெரியும்? அதற்காக அங்கங்கே வெட்டாமல் தூண் மாதிரி மண்ணை விட்டுவைப்பார்கள். அளவு மேடு என்று பெயர். மேட்டின் உச்சியில் பழைய தரையின் புல் இருக்க வேண்டும். புல்லிலிருந்து கீழே பள்ளம் வரைக்கும் டேப் பிடித்தால் வெட்டிய ஆழம். அளந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே மேடுகளை வெட்டித் தள்ளிவிட வேண்டும், அதுதான் முறை. பிளவக்கல் பக்கம் கால்வாய் வேலையிலும், கூமாப்பட்டிக் குளங்களிலும் அவர் விட்ட மேட்டை எந்த அதிகாரியும் சந்தேகப்பட்டதில்லை. "முத்துவீரன் மேடா? சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். சொத்து என்று அவருக்கு அரை ஏக்கர் வயலும் இந்தப் பேச்சும்தான் இருந்தன.

எண்பத்து மூன்றில், மூன்று வருடம் மழை பொய்த்த பிறகு, பஞ்ச நிவாரண வேலையாகக் கோடாங்கிக் கண்மாயைத் தூர்வார உத்தரவு வந்தது. நாலடி வெட்ட வேண்டும், கூலிக்கு அரிசி. இரண்டடி வெட்டியதும் சுக்கான் பாறை தட்டியது. கடப்பாரை போட்டால் பொறி பறக்கிற சுக்கான். கூட்டத்தில் அறுபது பேர், பாதிக்கு மேல் பெண்கள், எல்லோரும் காய்ந்த வயிறு. நாலடி முடியாமல் அரிசி மூட்டையை அவிழ்க்க மாட்டோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அளவு எடுக்கிறதற்கு முந்தின நாள், எல்லோரும் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, முத்துவீரன் மேடுகளின் மேல் இரண்டடி மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மட்டப்பலகையால் அடித்து இறுக்கி, கரையிலிருந்து புல்லைத் தட்டுத் தட்டாகப் பெயர்த்து உச்சியில் வைத்தார். மறுநாள் அதிகாரி ஒரே ஒரு மேட்டில் டேப் பிடித்தார். நாலடி. கையெழுத்துப் போட்டார். அரிசி வந்தது, வெட்டினவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று எங்கள் வீட்டிலும் உலை கொதித்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்தச் சாயங்காலமே மேடுகளை வெட்ட ஆரம்பித்தார்கள். கடைசி மேட்டில் கை வைக்கும்போது மழை பிடித்தது. மூன்று வருடம் காணாத மழை. மூன்று நாளில் கண்மாய் நிறைந்து, நடுத் தண்ணீரில் அந்த ஒரு மேடு மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றது. கரையவும் இல்லை. அவர் கை வேலை அப்படி. ஊர் சும்மா இருக்குமா? மழையைக் கொண்டுவந்தவள் இவள்தான் என்று சொல்லி, மேட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள். அடுத்த கோடையில் சுற்றிலும் கல் கட்டிச் சிமெண்டு பூசி, மஞ்சள் தடவினார்கள். முதல் பொங்கல் வைத்தது முத்துவீரனின் மனைவி வெள்ளத்தாய்.

அதற்குப் பிறகு கண்மாய் எந்த வருடமும் மாசியைப் பார்க்கவில்லை. தையில், நெல் பால் பிடிக்கிற சமயத்தில், மடையில் காற்றுதான் வரும். மழை குறைச்சல் என்று எல்லோரும் வானத்தைத் திட்டினார்கள். அவர் மட்டும் திட்டவில்லை. வயலை விட்டுவிட்டு ஒவ்வொரு குடும்பமாக ராஜபாளையம் மில் வேலைக்குப் போனது. தொண்ணூற்று மூன்றில் கண்மாய்களை ஆழப்படுத்தப் புதுத் திட்டம் வந்தது. பட்டியலில் எங்கள் கண்மாய் இல்லை. ஏற்கனவே நாலடி வெட்டியாயிற்று, இருபது வருடத்துக்கு மறுபடி தொடக் கூடாது என்று விதியாம்.

அன்றுதான் முதல் தடவையாக என் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏலே காசி, எண்பத்து மூணுல வெட்டினது நாலடி இல்ல, ரெண்டடிதான், ஏமாத்தினது முத்துவீரன்னு எழுதுலே."

"அண்ணாச்சி, உள்ள போட்டுருவானுவ."

"போடட்டும். கண்மாய வெட்டிட்டுப் போடட்டும்."

கூட யார் இருந்தது என்று கேட்டேன். நான் மட்டுந்தான் என்றார்.

ஏழு மனுவுக்கும் ஒரே பதில்: கண்மாய் நாலடி ஆழப்படுத்தப்பட்டுள்ளது, நடவடிக்கை தேவையில்லை. இதற்கு நடுவில் அந்த நாலடியை நம்பி யாரோ ஒரு புண்ணியவான் படகு சவாரிக்கு ஏலம் எடுத்தான். வாத்துத் தலை வைத்த இரண்டு மிதிபடகு, டிக்கெட் கொடுக்க ஒரு கூண்டு, 'ஆழமான பகுதி, இறங்காதே' என்று ஒரு போர்டு. ராஜபாளையத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து மேட்டுக்காரியைச் சுற்றினார்கள். பொங்கலுக்குள் படகு இரண்டும் சகதியில் உட்கார்ந்துவிட்டன. அதன் நிழலில் ஆடு படுத்தது. அதிகாரியிடம் அதைக் காட்டினால், "மழை கம்மிங்க" என்றார்.

தொண்ணூற்று ஆறில் புதிதாக வந்த ஓர் அதிகாரி கொஞ்சம் காது கொடுத்தார். ஆதாரம் கேட்டார்.

"மேட்டுக்காரிய நெட்டுக்கு வெட்டிப் பாருங்க சார்" என்றார் முத்துவீரன். "கீழ ரெண்டடி கரிசல், கெட்டியா இருக்கும். மேல ரெண்டடி நான் போட்ட மண்ணு. நடுவுல பழைய புல்லு மக்கிக் கோடு தெரியும்."

அதிகாரி நாள் குறித்து ஜீப்பில் வந்தார். காய்ந்த கண்மாய்க்குள் நாங்கள் நடந்து போனபோது ஊரே மேட்டைச் சுற்றி நின்றது. முன்னால் வெள்ளத்தாய், மேட்டின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு. முத்துவீரன் கையில் கடப்பாரை இருந்தது.

"தள்ளிக்கோ" என்றார்.

"ஆத்தா மேல கடப்பாரை விழணும்னா மொதல்ல எம்மேல விழட்டும்" என்றாள்.

"வெள்ளத்தாயி, இது ஆத்தா இல்ல. நான் குமிச்ச மண்ணு."

"அது எனக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். கூட்டத்தில் நாலு பேர் அவர் கையைப் பிடித்துக் கடப்பாரையைப் பிடுங்கினார்கள். சாமி விவகாரத்தில் தலையிட முடியாது என்று அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் வெள்ளத்தாயின் மேல்தான். ஒரு பொம்பளையின் பக்தியால் ஒரு கண்மாய் செத்தது என்று சந்தித்த ஆளிடமெல்லாம் சொன்னேன்.

முத்துவீரன் அதற்குப் பிறகு என் பெஞ்சுக்கு வரவில்லை. அரை ஏக்கரையும் தரிசாகப் போட்டார். யாரோடும் பேச்சு இல்லை. தொண்ணூற்று ஏழு கார்த்திகையில் இறந்துபோனார். அடக்கம் செய்ய வந்தவர்களில் இரண்டு பேர், "அளவுல சுத்தமான மனுசன்" என்றார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து வெள்ளத்தாய் என்னிடம் வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"கொழுந்தா, ஒரு மனு எழுதணும். கண்மாய ரெண்டடிதான் வெட்டினோம்னு."

எனக்குக் கொதித்தது. "அன்னிக்கு மறிச்சது நீங்கதான மதினி?"

"மறிச்சேன். மேட்ட வெட்டினா, அவிய பொய்யி ஊரு கண்ணு முன்னால வந்து நிக்கும். அவிய தாங்குவாவ. எனக்குத் தாங்காது." பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள். "அவிய தனியாச் செய்யல கொழுந்தா. அவிய வெட்டிக் குடுத்தாவ. கூடையில சொமந்து மேல போட்டது நானு. புல்லு வச்சதும் நானு. என் பேரப் போட்டு எழுது. அவிய இப்பம் இல்ல, இனி யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

எழுதினேன். எட்டாவது மனு. என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை, ஒவ்வொரு வரியிலும் நான் ஊரில் பேசிய பேச்சு உறுத்தியது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். மேற்படி கண்மாய் நாலடி ஆழப்படுத்தப்பட்டுள்ளது. அப்பணியைச் செய்த மேஸ்திரி முத்துவீரன் அளவில் நம்பகமானவர் என்று கோப்பில் குறிப்பு உள்ளதால், மனுதாரர் கூற்று ஏற்கத்தக்கதல்ல.

அவர் பெயர் வந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பேப்பரைக் கையில் வாங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவள், அந்த வரி எது என்று கேட்டு விரலை வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காவ" என்றாள். பிறகுதான் அழுதாள்.